காயமே இல்லாமல் செத்துக் கிடக்கும் மான்... தொட்டால் என்ன ஆகும்? காட்டில் நோய் பரவுவது எப்படி?

கோடை வந்தால் வேலூர் மாவட்டக் காடுகளை ஒட்டிய ஊர்களுக்குள் புள்ளிமான்கள் தண்ணீர் தேடி இறங்குவது வழக்கம். பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், அமிர்தி பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுசில்லை. நாய் கடித்தும், வண்டி மோதியும் மான்கள் இறப்பதுண்டு.

ஆனால், உடம்பில் ஒரு காயம்கூட இல்லாமல் மான் செத்துக் கிடந்தால்? "கறி வீணாப் போகுதே" என்பார் ஒருவர். "தோலையாவது உரிச்சு எடுப்போம்" என்பார் இன்னொருவர். ஆபத்து ஆரம்பிப்பதே அங்கேதான்.

மானுக்கு நோய் எங்கிருந்து வருகிறது?

பல நேரங்களில் ஊர் மாடுகளிடமிருந்துதான். காட்டோரம் மேயும் மாடும் மானும் ஒரே புல்லைத் தின்கின்றன, ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கின்றன. கோமாரி வந்த மாட்டின் எச்சில், மூச்சுக்காற்று வழியாக வைரஸ் மானுக்கும் தாவும். கோடையில் தண்ணீர் வற்றி, எல்லா மிருகங்களும் ஒரே இடத்தில் கூடும்போது பரவல் இன்னும் சுலபம்.

இதற்குப் பழைய உதாரணமும் உண்டு. 1968-ல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் வெக்கை நோய் பரவி காட்டு மாடுகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. மாடுகளுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டதால்தான், 2011-ல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்தது.

அடைப்பான் ஏன் அதிக ஆபத்து?

ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான், ஒரு மானிடமிருந்து இன்னொரு மானுக்கு நேரடியாகத் தொற்றுவது அரிது. அது மண்ணில் காத்திருக்கும் நோய். 2022 மார்ச்சில் சென்னை ஐஐடி வளாகத்தில் மான்கள் இறந்தபோது, அதில் ஒன்றுக்கு ஆந்த்ராக்ஸ் இருந்தது தெரியவந்தது.

செத்த உடலைக் கிழிக்காமல் விட்டால், உள்ளே இருக்கும் பாக்டீரியா பெரும்பாலும் சில நாட்களில் உடல் அழுகும்போதே செத்துவிடும். கத்தி வைத்தால் கதையே வேறு. காற்று பட்டதும் அது கெட்டியான ஓடு போர்த்திய வித்தாக மாறும். வெயில், மழை எதற்கும் அசையாது. பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். புல் குறைந்த காலத்தில் தரையோடு சேர்த்து மேயும் மாடும் மானும் அந்த மண்ணையும் சேர்த்து விழுங்கும். நோய் மறுபடி தொடங்கும்.

மனிதர்களுக்கு எப்படி வரும்?

தோலை உரிக்கும்போது கையில் உள்ள சின்னக் கீறல் போதும். முதலில் கொப்புளம், பிறகு வலியே இல்லாத கறுப்புப் புண். சீக்கிரம் டாக்டரிடம் போனால் ஆன்டிபயாடிக் மருந்தில் குணமாகும். கறியைச் சாப்பிட்டாலோ, வித்துகளை மூச்சில் இழுத்தாலோ உயிருக்கே ஆபத்து. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கம்பளி பிரிக்கும் தொழிலாளர்கள் பலர் இப்படித்தான் இறந்தார்கள்.

'ஜாம்பி மான்' நோய் இங்கே இருக்கா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. மானை மெலிய வைத்துக் கொல்லும் அந்த நோய் வட அமெரிக்கா, தென் கொரியா, நார்வே போன்ற இடங்களில் கண்டறியப்பட்டுள்ளது. இங்கே கவலைப்பட வேண்டியது கோமாரியும் அடைப்பானும்தான்.

என்ன செய்ய வேண்டும்?

* மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அடைப்பான் என்றே சந்தேகப்பட வேண்டும். கிட்டே போகக் கூடாது.
* நாய், மாடுகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.
* வனத்துறைக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். மாடு திடீரென இறந்தால் கால்நடை உதவி எண் 1962-ஐ அழைக்கலாம்.
* மான் கறி, தோல் வைத்திருப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

காட்டு மானைப் பிடித்து ஊசி போட முடியாது. ஆனால், மாட்டுக்குப் போடலாம். அடைப்பான் தடுப்பூசி தயாராவது பக்கத்து ஊரான ராணிப்பேட்டையில், 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில்தான். பொய்கை சந்தையில் வாங்கி வரும் மாட்டுக்குக் காலத்தோடு ஊசி போட்டால், அது மலையில் இருக்கும் மானுக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு.