ஆற்றில் விழுந்தால் எழுந்து நிற்காதே!

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் சலைடா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆர்கன்சா ஆற்றில் 1949-ல் ஒரு படகுத் திருவிழா தொடங்கியது. ஜூன் மாதத்தில் குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். அதில் ஒரு போட்டியில் படகுக்கே இடமில்லை! மிதக்கிற எதையாவது சொந்தமாகச் செய்து அதில் ஏறி வரணும். கவிழ்ந்தால் ஒரே சிரிப்புதான்.

ஆனால் விழுந்தவர் என்ன செய்யணும்? வேகமான தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் வெள்ளம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீர் ஓடும் பக்கம் நீட்டி, பாதத்தை மேலே தூக்கி மிதக்கணும். லைஃப் ஜாக்கெட்டும் அவசியம்.

போன வருஷம் எங்கள் ஊர் வாய்க்காலில் நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். கால் கல்லில் மாட்டிக்கிச்சு. அண்ணன் இழுக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை. நீச்சல் தெரிந்தால் மட்டும் போதாது நண்பர்களே!