பழைய அம்பாசிடருக்கு எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர்

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. ஆனாலும் சில வீடுகளில் அது இன்றும் செல்லப்பிள்ளைதான். அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து, பாயிண்ட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் பொருத்துபவர்கள், டைமிங்கைச் சரிபார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

காரணம் உண்டு. புதிய கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று பழகுவது முதல் 20 நிமிடங்களில்தான். எஞ்சின் உடனே பிடித்து, சுமார் 2000 ஆர்.பி.எம்.மில் ஓட வேண்டும். பிடிக்காமல் ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருந்தால், பூசிய எண்ணெய் வழிந்துபோய் கேம் தேயும். செலவழித்த பணம் வீண்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. அதற்குள் 1-ஆம் பிஸ்டன் இருமுறை மேலே வரும். நமக்கு வேண்டியது கம்ப்ரஷன் முடியும் தருணம். அப்போது 4-ஆம் சிலிண்டரில் ஒரு வால்வு மூட, மற்றது திறக்கத் தொடங்கும். இதுவே அடையாளம்.

அந்த நிலையில் புல்லியின் குறியை மேனுவல் சொல்லும் டிகிரியில் நிறுத்துங்கள். ரோட்டர் காட்டும் முனையில் 1-ஆம் வயர். மற்றவை 1-3-4-2 வரிசையில், மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக.

பேட்டரியின் பிளஸ், மைனஸ் மாறினால் எலெக்ட்ரானிக் பகுதி நொடியில் கருகிவிடும். காயிலும் தயாரிப்பாளர் சொன்ன ஓம் அளவில் இருக்கட்டும்.

20 நிமிடம் ஓடியபின், ஐட்லிங்கில் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டால் இறுதியாகச் சரிபாருங்கள். இனி பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்க்கும் வேலை இல்லை!