உறையும் மடலும்

நுழையும்முன்

உதவித்தொகைப் பட்டியலில் கயல்விழி என்னும் மாணவியின் பெயரைக் கணினி தேடுவதாகக் கொள்வோம். தரவில் பெயர் இருக்கிறது; ஆயினும் 'இல்லை' என்றே விடை வருகிறது. பெயரோடு ஒட்டிக்கொண்ட இரண்டு மேற்கோள்குறிகளே இதற்குக் காரணமாகலாம். அவை எவ்வாறு ஒட்டுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜேசன் வடிவம்

கணினிகள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் எளிய எழுத்து வடிவம் ஜேசன் ஆகும். அமெரிக்க நிரலாளர் டக்ளஸ் குரோக்ஃபோர்ட் 2001ஆம் ஆண்டளவில் இதனை வரையறுத்துப் பரப்பினார். எக்மா அமைப்பு 2013ஆம் ஆண்டு இதனைத் தரப்படுத்தியது. சரம், எண், மெய் அல்லது பொய், வெறுமை, அணி, பொருள் என அறுவகை மதிப்புகள் இதில் உண்டு.

{ "பெயர்": "கயல்விழி", "பதிவெண்": "0417", "மதிப்பெண்": 92 }

இங்குப் பெயரும் பதிவெண்ணும் சரங்கள்; மதிப்பெண் எண். ஜேசனில் எண்ணை, முன்னால் சுழியம் சேர்த்து 0417 என எழுத இயலாது. எனவே, பதிவெண் சரமாகவே அமைய வேண்டும்.

பகுத்தல்

மேற்கண்ட வரி, நிரலைப் பொறுத்தவரை முதலில் வெறும் எழுத்துத் தொடரே. அதனைப் பிரித்து, எது பெயர், எது மதிப்பு, அம்மதிப்பு எவ்வகையினது எனக் கண்டறிந்து நினைவகத்தில் வைப்பதே பகுத்தல். சரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காட்டியதும் மேற்கோள்குறியின் பணி முடிகிறது. மேற்கோள்குறி உறை, கயல்விழி என்பதே மடல்.

பிழை நேரும் இடம்

சி++ மொழிக்கென நீல்ஸ் லோமன் உருவாக்கிய ஜேசன் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 'டம்ப்' என்னும் செயற்கூறு, பகுத்த மதிப்பை மீண்டும் ஜேசன் எழுத்து வடிவமாக்கித் தருகிறது. ஆகவே மேற்கோள்குறிகளும் திரும்ப வந்துவிடுகின்றன. 'கெட்' என்னும் செயற்கூறோ நாம் குறிப்பிடும் வகையில் மதிப்பை மட்டும் தருகிறது. பெயரை எடுக்க 'டம்ப்' செயற்கூற்றைப் பயன்படுத்தியதால்தான் நம் தேடல் பிழைத்தது.

முதல் எழுத்தையும் இறுதி எழுத்தையும் வெட்டிவிட்டால் போதாதா எனச் சிலர் எண்ணலாம். போதாது. சரத்தின் உள்ளே மேற்கோள்குறி வந்தால் அதன்முன் பின்சாய்கோடு ஒன்று இடப்படும். ஓரங்களை வெட்டினாலும் அது உள்ளேயே தங்கிவிடும்.

தமிழுக்கு இதில் தனி இடர் உண்டு. பைத்தான் மொழியின் ஜேசன் நூலகம், வேறாக அறிவுறுத்தாவிடில், தமிழ் எழுத்துகளை ஒருங்குறி எண்களாக மாற்றியே எழுதுகிறது. 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாகிவிடும். அவற்றை மீண்டும் தமிழ் எழுத்துகளாக்குவது பகுத்தலே. வெட்டி ஒட்டுவதால் அது நிகழாது.

வகையறிந்து எடுத்தல்

மதிப்பெண்ணாகிய 92ஐச் சரமாகக் கேட்டால், 'கெட்' மறுத்துப் பிழை எழுப்பும். வெறுமை மதிப்பைச் சரமாகக் கேட்டாலும் அவ்வாறே. இது நமக்கு நன்மையே. தவறான மதிப்பை ஓசையின்றி ஏற்பதினும், தவறு நேர்ந்த இடத்திலேயே நிரல் நிற்பது நல்லது. எனவே, குறிப்பிட்ட பெயர் தரவில் உள்ளதா, அதன் மதிப்பு சரந்தானா என்று முதலில் வினவ வேண்டும். அதன்பின்னரே மதிப்பை எடுக்க வேண்டும்.

ஒரு மதிப்பு வேறு. அதனை எழுதிக்காட்டும் வடிவம் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து எழுதிய நிரலில் கயல்விழியின் பெயர் விடுபடாது.

கற்பவை கற்றபின்

உம் பெயர், பிறந்த ஊர், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றை ஜேசன் வடிவில் எழுதுக. அவற்றுள் எவை சரங்களாக அமைய வேண்டும் என்பதைக் காரணத்துடன் கூறுக.