சின்னச் சங்கைக் கடலில் போடு!

பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டச் சங்கு. கோயிலில் பூஜை வேளையில் ஊதச் சங்கு. மனிதனின் கடைசி யாத்திரையிலும் முன்னால் சங்கு. ஆலையில் வேலை நேரத்தை அறிவிக்கும் ஊதலுக்குக்கூட "சங்கு" என்றே பெயர் வைத்துவிட்டோம்! இவ்வளவு பழகிய பொருள் எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் மன்னார் வளைகுடாதான் சங்குக்குப் பேர்போன இடம். பரதவர்களும், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்து வந்தவர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். கையால் தடவி எடுத்து வலைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். புழுக்கள் நிறைந்த மென்மையான மணலுக்குப் "பூச்சி மணல்" என்று பெயர். அந்தப் புழுக்கள்தாம் சங்குக்கு ஆகாரம். ஆகவே பூச்சி மணல் எங்கே என்று தெரிந்தவனே நல்ல குளிகாரன்.

எடுத்த சங்கில் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போகும். அங்கே சுமங்கலிப் பெண்களுக்கு வெண்சங்கு வளையல் தாலியைப் போல. டாக்காவிலும் கல்கத்தாவிலும் விஷ்ணுபுரத்திலும் நம் கடல் சங்கை அறுத்து வளையல் செய்தார்கள். (சங்கறுக்கும் தொழில் நமக்கும் புதிதல்ல; நக்கீரர் கதை தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.)

சர்க்கார் வைத்த அளவு

சங்கு குளிப்பு நெடுங்காலம் ஆட்சியாளரின் ஏகபோகமாக இருந்தது. டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர், பிறகு சென்னை சர்க்கார் என்று உரிமை கைமாறியது. ராமநாதபுரம் கடற்கரையில் அது சமஸ்தானத்துக்குச் சொந்தம். எடுத்த சங்கையெல்லாம் சர்க்காரிடமே ஒப்படைக்க வேண்டும். அங்கே ஒரு விதி உண்டு. குறுக்களவு 57 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைந்த சங்கு செல்லாது. அதை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும்.

கூலியோ எண்ணிக்கைக் கணக்கு. பத்து பாகம் ஆழத்தில் மூச்சுத் திணற எடுத்ததைத் திருப்பிப் போடு என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? ஆனாலும் விதி நின்றது. காரணம் பெரிய தர்ம சிந்தனை அல்ல. வாங்குவதற்கு ஒரே ஆள்; அவர் சின்னதை வாங்கமாட்டார். விலை போகாத சங்கை யார் சுமந்து வருவார்கள்?

இந்தக் கண்டிப்பு அவசியமா? சங்கின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அவசியம் என்பது விளங்கும். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் சங்கைப் பற்றித் தனி நூலே வெளியிட்டவர். தாய்ச் சங்கு ஆட்டுக்கடாவின் கொம்பு போல முறுக்கிய ஒரு முட்டைக் கூட்டை மணலில் ஊன்றி வைக்கிறது. அதற்குள் வரிசையாக அறைகள். அறைக்குள்ளேயே குஞ்சு வளர்ந்து, சின்னஞ்சிறு சங்காகவே வெளியே வந்து, அங்கேயே மணலில் ஊர்கிறது.

முத்துச் சிப்பியின் குஞ்சு அப்படியல்ல. அது நீரில் மிதந்து, நீரோட்டம் இழுத்த இடத்துக்குப் போகும். ஒரு பார் வெறுமையானாலும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளலாம், வராமலும் போகலாம். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக் குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை! சங்கு ஊர் விட்டு ஊர் போகாது. ஓரிடத்தில் தாய்ச் சங்கைத் துடைத்து எடுத்துவிட்டால், அந்த மணலை நிரப்ப வெளியூர்க் குஞ்சு மிதந்து வராது. காப்பாற்றினால் பலன் அங்கேயே கிடைக்கும். அழித்தால் நஷ்டமும் அங்கேயேதான்.

வலைக்குக் கண் உண்டா?

குளிகாரனின் கைக்கு அளவு தெரியும். அடிமடியை உழுதுகொண்டு போகும் இழுவை வலைக்கு அது தெரியுமா? விசைப்படகுகள் பெருகிய பிறகு, மீனோடும் இறாலோடும் குஞ்சுச் சங்கும் கூடை கூடையாகக் கரையேறுகிறது. வாங்கவும் இன்று ஆட்கள் பலர். சதை உணவாகிறது, மூடியாகிய "சங்கு நகம்" ஊதுவத்திக்குப் போகிறது, ஓடு அலங்காரப் பொருளாகிறது. பழைய விதியின் பலமே ஒற்றை வாசலில்தான் இருந்தது. அந்த வாசல் இப்போது ஒன்றல்ல.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முட்டைக் கூடுகள் மாசி, பங்குனியிலேயே மணலில் நிற்கின்றன. தடை வருவதோ சித்திரை பிறந்த பிறகு! அந்த இரண்டு மாதம் சங்கு மணலில் மட்டுமாவது வலை இழுக்காமல் இருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு வழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வலையில் ஏறிய சங்கு உடனே செத்துவிடுவதில்லை. ஓட்டுக்குள் சுருங்கி, மூடியைச் சாத்திக்கொண்டு கிடக்கும். தூத்துக்குடி விசைப்படகுகள் விடிகாலையில் புறப்பட்டு இரவில் திரும்புகிறவை. கூடையின் அடியில் கிடக்கும் குஞ்சுகளை மறுநாள் அதே மணலில் கொண்டுபோய்ப் போட, இரவு முழுக்க ஒரு தொட்டிக் கடல்நீர் இருந்தால் போதும்.