திறன்பேசியை எப்போது மாற்றலாம்?

திறன்பேசி, டேப்லெட் ஆகியவற்றில் புதிய வசதிகள் ஆண்டுதோறும் வருகின்றன. அவை மட்டுமே பழைய கருவியை மாற்றப் போதுமான காரணம் ஆகா. முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு.

மின்கலம்

லித்தியம் அயனி மின்கலம் ஒவ்வொரு மின்னேற்றச் சுழற்சியிலும் சிறிது தேய்கிறது. தேய்ந்த மின்கலத்தால் கருவி திடீரென அணைந்துபோவதைத் தவிர்க்க, பழைய ஐபோன்கள் சிலவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதையடுத்து, அமெரிக்காவில் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 2018 இறுதி வரை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. புது மின்கலம் பொருத்திய பின் அக்கருவிகளின் வேகம் மீண்டது. எனவே மெதுவாகிவிட்ட கருவிக்குப் புது மின்கலமே போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு இற்றைகள்

இவை நின்றுவிட்டால், புதிதாகக் கண்டறியப்படும் மென்பொருள் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். அத்தகைய கருவியில் பணப் பரிமாற்றம் செய்வது ஆபத்தானது. கூகுள் பிக்சல் 8 (2023), சாம்சங் கேலக்சி எஸ்24 (2024) ஆகியவற்றுக்கு 7 ஆண்டுகள் இற்றைகள் தருவதாக அந்நிறுவனங்கள் அறிவித்துள்ளன.

முடிவு

இற்றைகள் வந்துகொண்டிருந்தால், மின்கலத்தை மாற்றி மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். அவை நின்றுவிட்டால், கேமரா எவ்வளவு நன்றாக இருந்தாலும் கருவியை மாற்றுவதே நல்லது.