‘பரையா’: ஒரு மக்களின் பெயர் ஆங்கிலத்தில் வசையான வரலாறு

உலக நாடுகள் ஒதுக்கிவைக்கும் அரசையோ ஆட்சியாளரையோ ஆங்கில ஏடுகள் ‘பரையா’ என்று எழுதுகின்றன. இன்று ஆங்கிலம் பயிலும் சீன மாணவர் தம் அகராதியில் அச்சொல்லுக்கு ‘இழிந்த மக்கள்’ என்று பொருள் காண்கிறார். அது தமிழ் மண்ணில் வாழும் ஒரு சமூகத்தின் பெயர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

‘பறையர்’ என்னும் சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நுழைந்தது. அப்போது அது ஒரு சாதியை மட்டுமே சுட்டியது. விலக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுப்பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. ஐரோப்பிய இலக்கியத்திற்கு இதில் பெரும் பங்குண்டு. 1791இல் பெர்னார்தன் த சேன்-பியேர் ‘இந்தியக் குடிசை’ என்னும் பிரெஞ்சுக் கதையில், அறிஞர் தேடிய உண்மையைப் பறையர் ஒருவரின் குடிசையில் கிடைக்கச் செய்தார். ஜெர்மன் கவிஞர் கெதே இச்சொல்லையே தலைப்பாக்கிக் கவிதைகள் எழுதினார். ஃபுளோரா திரிஸ்தான் 1838இல் தம்மையே ‘பரையா’ என்று அழைத்துக்கொண்டார். யூதர்களின் நிலையை விளக்க ஹன்னா அரெண்ட் 1944இல் இதைக் கையாண்டார்.

இவை பரிவின் குரல்களே. ஆயினும் அந்தப் பரிவும், விலக்கப்படுதலே இப்பெயரின் பொருள் என்பதை உறுதிசெய்தது. பரிவற்ற ஆங்கிலமோ தெருநாய்க்கும் கரும்பருந்துக்கும் இப்பெயரையே சூட்டியது.

பெயரின் வேர் வேறு. பறை என்னும் இசைக்கருவியிலிருந்து இது பிறந்தது என்று கால்டுவெல் விளக்கினார். பறையர் சாதியற்றோர் அல்லர் என்றும் வாதிட்டார். மாங்குடி கிழாரின் 335ஆம் புறநானூற்றுப் பாடல், சிறந்த நான்கு குடிகளுள் பறையனையும் வைக்கிறது.

இழிவை எதிர்கொள்ள இரு வழிகள் தோன்றின. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். ஒளிக்காமல் உரிமை கேட்பது அவர் வழி. அயோத்திதாசரோ, அது பூர்வ பௌத்தர்மீது பகைவர் சுமத்திய பெயர் என்று மறுத்தார். எம்.சி.ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது.

இராமநாதபுரம் கடற்கரைக்கும் இவ்வரலாறு அந்நியமன்று. இராமேசுவரம் வட்டாரத்தில் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்ட, முத்துக்குளித்த கடையர்களின் பெயருக்கு ‘கடைப்பட்டோர்’ என்று 1909இல் தர்ஸ்டன் தம் நூலில் பொருள் எழுதினார். ஆழ்கடலில் மூச்சடக்கி முத்தெடுத்தவர், ஆங்கில ஏட்டில் இறுதியானவர் ஆனார். இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் கடலோரக் கடையர் நீங்கலாக, கடையர் உள்ளிட்ட ஏழு பிரிவுகளையும் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என ஒரே பெயரில் அழைக்க 2021இல் நாடாளுமன்றம் சட்டமியற்றியது. பரமக்குடி மண் பல்லாண்டு எழுப்பிய கோரிக்கை அது.

பொதுவிடத்தில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அதே பெயர் தலைப்புச் செய்தியில் வசையாக அச்சாகும்போது யாரும் கூசுவதில்லை. ‘ஒதுக்கப்பட்ட’ என்று பொருள்தரும் சொற்கள் ஆங்கிலத்தில் வேறு உண்டு. ஏடுகள் அவற்றை ஆளட்டும். அகராதிகள் இச்சொல்லின் பிறப்பையும் அது தரும் காயத்தையும் சேர்த்தே எழுதட்டும். அப்போதுதான் தொலைதேச மாணவரும் ஒரு மக்களின் பெயரை, அது வசை என்று எண்ணிக் கற்காதிருப்பார்.