தரையை விட்டு எழும் காலம்
(தொடர் கட்டுரை: 9)

தொடை எலும்பின் தலையானது இடுப்பெலும்பின் குழிக்குள் பந்துபோல் அமர்ந்து சுழலும் அற்புதத்தைச் சென்ற வாரம் விவரித்தோம். அந்தப் பந்து தேய்ந்தோ, இரத்த ஓட்டம் குன்றி நொறுங்கியோ, அதன் கழுத்து முறிந்தோ போனபின், மாற்று மூட்டு வைத்துக்கொள்ளச் சம்மதித்த ஒரு குடும்பம் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளே இவ்வாரத்து விஷயம்.

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில், திருத்தணிக்கு முன்பாக வரும் கனகம்மாசத்திரம், வழிநடை யாத்ரிகர்கள் இளைப்பாறிய காலத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. அருகே, காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து புகுந்ததாகப் புராணம் போற்றும் திருவாலங்காடு; மேலே சென்றால், 365 படிகள் ஏறித் தரிசிக்கும் தணிகை மலை. நடையையே வழிபாடாகக் கொண்ட இந்தப் பிரதேசத்தில், இடுப்பு நோவால் வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்ட முடியாமற் போகிறவரின் துக்கம் சாதாரணமானதன்று.

இவ்வட்டாரத்தில் எலும்பு முறிவு என்றவுடன் நினைவுக்கு வருவது, நகரியைத் தாண்டி ஆந்திர நாட்டில் இருக்கும் புத்தூர். மூலிகைச் சாறும் முட்டை வெண்கருவும் தடவி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் அந்தக் கட்டினால் கை கால் கூடி வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் இகழோம். ஆயினும் தொடைக் கழுத்தின் சங்கதி வேறு. பந்துக்கு உயிரூட்டும் இரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றபடியால், எலும்பு முறிந்து விலகும்போது அவையும் பெரும்பாலும் அறுந்துபோகின்றன. தடித்த தசைகளுக்கடியில் ஆழ்ந்து கிடக்கும் அந்த இடத்தை வெளியிலிருந்து எந்தத் தப்பையும் அசையாமல் பிடித்துவைக்க இயலாது. வயோதிகர் படுத்தே கிடக்கும் ஒவ்வொரு நாளும் நெஞ்சில் சளியும், முதுகில் படுக்கைப் புண்ணும், காலில் இரத்தக் கட்டியும் நெருங்கி வருகின்றன. ஆகையால், வழுக்கி விழுந்த முதியவர் எழ மாட்டாமல், கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடப்பாரானால், அன்றைக்கே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டு நாட்களுக்குள் ரண சிகிச்சை நடப்பதே உத்தமம்.

தேய்மானத்துக்காகத் தேதி குறித்துக்கொண்டு செல்பவர்களுக்கு அவகாசம் உண்டு. சர்க்கரையும் இரத்த சோகையும் சீராக வேண்டும். புகையும் புகையிலையும் ஒழிய வேண்டும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, ஆறாத கால் புண் ஆகியவற்றை அற்பமென்று விட்டுவிடலாகாது. அங்குள்ள கிருமி இரத்தத்தோடு பிரயாணம் செய்து புது மூட்டில் குடியேறிவிட்டால், சில சமயம் வைத்த மூட்டையே எடுத்துவிட நேரும்.

இவையெல்லாம் வைத்தியர் கேட்டுச் சரிசெய்து விடுவார். அவர் கண்ணுக்கு எட்டாதது நம் வீடு. 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில், உலோகப் பந்தையும் பாலிஎதிலீன் கிண்ணத்தையும் இணைத்து இச்சிகிச்சைக்கு நிலையான வடிவம் தந்த ஜான் சார்ன்லி, தம் கண்முன் கண்டவர்கள் நாற்காலியிலிருந்து எழுகிற ஜனங்கள். நாமோ தரையில் உண்டு, தரையில் உறங்கி, அரிவாள்மணை முன் குந்தி, வாசலில் குனிந்து கோலமிட்டு, குத்துக்காலிட்டு மலம் கழிக்கிற ஜனங்கள். புது மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் ஆறிப் பிடிக்கும் வரையில், சுமார் மூன்று மாத காலம், இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்குவதும், காலைக் குறுக்கே போடுவதும், பாதத்தை உட்புறமாகத் திருப்புவதும் பந்தைக் கிண்ணத்திலிருந்து நழுவச் செய்துவிடக்கூடும். சம்மணமும் குத்துக்காலும் அதன் பிறகும் வைத்தியர் அனுமதித்தாலன்றிக் கூடாது.

எனவே நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஓடியாடிச் செய்வதற்குப் பதிலாக, முன்கூட்டியே வெஸ்டர்ன் டாய்லெட்டோ, நடுவே துளையுள்ள கமோடு நாற்காலியோ அமைத்து, பக்கத்துச் சுவரில் கைப்பிடி பதித்து, முழங்காலுக்கு மேலான உயரமுள்ள கட்டிலும், கையுள்ள நாற்காலியும் தேடி வைத்து, வழுக்கும் கால் மிதியடிகளை எடுத்துவிட வேண்டும். வாக்கர் பிடித்து நடக்கவும் அப்பொழுதே பழகலாம். கோலம் போடும் பொறுப்பை வீட்டில் வேறொருவர் ஏற்பதும் சிகிச்சையின் ஒரு பாகமே.

சிகிச்சைக்கு மறுநாளே பெரும்பாலும் எழுப்பி நிற்க வைத்துவிடுவார்கள். பயந்து மறுக்க வேண்டாம். படுத்திருக்கையில் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது இரத்தம் உறையாமல் காக்கும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முன்னே. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறுக. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, ஜுரம் கண்டாலோ, தாமதமின்றி வைத்தியரிடம் சொல்லுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் உடனே 108ஐ அழையுங்கள்.

தணிகை மலைக்கு மோட்டார் வழி உண்டு; முதல் கிருத்திகைக்கு அதிலே போய் வரலாம். இப்போதைக்கு, வீட்டுக் கழிப்பறையைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே ஆஸ்பத்திரித் தேதியைக் குறியுங்கள்.